காரின் பக்கக் கண்ணாடிகளுக்குச் செராமிக் சன் ஃபிலிம்: ஒரு கோடைக்குப் பின்

சென்ற ஏப்ரலில் எங்கள் காரின் நான்கு பக்கக் கண்ணாடிகளுக்கும் செராமிக் சன் ஃபிலிம், அதாவது செராமிக் துகள் கலந்த வெயில் தடுப்புப் படலம், ஒட்டினோம். ஒட்டிய இடம், சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக இருக்கும் கார் அலங்காரக் கடைகளுள் ஒன்று. கூலியும் சேர்த்து 7,500 ரூபாய் ஆயிற்று.

கடைக்காரர் 20, 35, 50, 70 என்று எண்ணிட்ட மாதிரித் துண்டுகளைப் பரப்பி வைத்து, பக்கக் கண்ணாடி குறைந்தது 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் 50 எண் ஃபிலிமையே எடுத்துக்கொள்ளுமாறு கூறினார். கேட்பவருக்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையில்தான் பெரிய பிழை இருக்கிறது. ஃபிலிமின் எண், அந்த ஃபிலிம் மட்டும் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அது ஒட்டப்படும் கண்ணாடி ஏற்கெனவே தடுத்துவிட்ட ஒளியைக் கணக்கில் கொள்வதில்லை. நான் வற்புறுத்திய பிறகு மேசை இழுப்பறையிலிருந்து வெளிவந்த ஒளிமானி, எங்கள் காரின் வெறும் பக்கக் கண்ணாடிக்கு 76 என்று காட்டியது. அதன்மீது 50 ஃபிலிமை ஒட்டினால் 76-இல் பாதியாகிய 38 மட்டுமே மிஞ்சும். 70 ஃபிலிமை ஒட்டினால் 53 வரும். ஆகவே 70-ஐத் தேர்ந்தோம். முன், பின் கண்ணாடிகளுக்குச் சட்டம் 70 கேட்பதால், அவையும் வெறுமனே 76 என்று கொண்டால் 92-க்குக் குறைந்த எந்த ஃபிலிமும் அங்கே பொருந்தாது என்று கணக்கிட்டு, அவற்றைத் தொடாமலே விட்டோம்.

இந்த அளவுகள் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதியில் உள்ளவை. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒளி ஊடுருவும் அளவு எதுவாயினும், வண்டியை வாங்கிய பிறகு அதன் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று தடை விதித்தது. பின்னர் அந்த விதி திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்கு இடமளித்தது. அதன் அடிப்படையில், குறித்த அளவுக்குள் ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் சாலையோரம் வண்டியை நிறுத்தும் காவலர் அதை ஏற்றுக்கொள்வார் என்று உறுதி கூற முடியாது. ரசீதையும் ஃபிலிமின் சான்றிதழையும் வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

வெப்பத்தைப் பற்றிய விற்பனைப் பேச்சையும் சற்று நிதானித்தே கேட்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் சிவந்து எரியும் விளக்கின் முன் ஃபிலிமைப் பிடித்து, அதன் பின்னே கையை வைக்கச் சொல்கிறார்கள். கை சுடுவதில்லை, வாடிக்கையாளர் வியக்கிறார். அந்த விளக்கு ஏறக்குறைய முழுவதும் அகச்சிவப்புக் கதிரையே தருகிறது. தரையை எட்டும் சூரிய ஆற்றலிலோ அதன் பங்கு ஏறத்தாழப் பாதிதான். எஞ்சியதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதுவும் உள்ளே வந்து வெப்பமாகவே மாறுகிறது. எங்களிடம் தந்த தாளில் அகச்சிவப்புத் தடுப்பு 95 என்று பெரிய எழுத்திலும், மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு 48 என்று சிறிய எழுத்திலும் அச்சாகியிருந்தன. ஒப்பிட உதவுவது அந்தச் சிறிய எழுத்துதான்.

விலை மலிவான சாயமேற்றிய ஃபிலிம் நல்ல கருப்பாக இருந்தாலும் வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. சில ஆண்டுகளில் ஊதா நிறமாக வெளுத்தும் போகிறது. உலோகப் பூச்சுள்ளது வெப்பத்தை நன்றாகத் திருப்பினாலும் கைப்பேசி, ஜிபிஎஸ் அலைகளுக்கு இடையூறு செய்யக்கூடும். முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் படிக்கப்படாமல் நிற்க நேரும். செராமிக் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல். தோலுக்காகக் கருப்பு வேண்டும் என்போருக்கு ஒன்று: தரமான ஃபிலிம் வெளிர் நிறத்திலும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது.

ஒட்டும் வேலையில் முழு நிறைவில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் துடைப்பானால் நீரை வழித்து, ஹீட் கன் காட்டிப் படிய வைத்தது நேர்த்தியாகவே இருந்தது; ஆனால் கடையின் வாசலிலேயே, தூசு பறக்கும் தெருவோரத்தில் வேலை நடந்ததால் இடது பின் கதவுக் கண்ணாடிக்குள் இரண்டு தூசுகள் சிக்கிக்கொண்டன. சுட்டிக்காட்டியதும் முணுமுணுக்காமல் உரித்துவிட்டு வேறு துண்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பிளேடு பட்டு ஓரத்து ரப்பரில் விழுந்த கீறலுக்கு மட்டும் பதில் இல்லை. நான்கு நாள் கண்ணாடியை இறக்க வேண்டாம் என்றார்கள். முதலில் தெரிந்த நீர்த்திட்டுகள் மூன்று வாரத்தில் மறைந்தன.

மே மாத நண்பகலில் வெயிலில் நின்ற காரைத் திறக்கும்போது உள்ளிருந்து அடிக்கும் அனல் முன்போலவேதான் இருக்கிறது. நின்ற வண்டியில் ஃபிலிம் அதிசயம் எதுவும் செய்வதில்லை. வண்டி ஓடும்போது வலது கையில் சுள்ளென்று விழுந்த வெயில் மட்டுப்பட்டிருப்பதும், ஏசியை ஒரு படி குறைத்து வைக்க முடிவதும் உண்மை. இரவில் எங்கள் அடுக்ககத்தின் இருண்ட தரைத்தளத்தில் பின்னோக்கி எடுக்கும்போது பின்னால் வருவதைக் காட்டும் சைடு மிரர் முன்புபோலவே தெளிவாகத் தெரிகிறது. 20 எண் ஃபிலிம் ஒட்டிய மைத்துனர் அதே இடத்தில் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டித்தான் வண்டியை எடுக்கிறார்.