ஃபோர் ஹெச்சிலேயே ஓட்டுங்கள் என்றவரை நம்பி 1,46,500 ரூபாய் இழந்தேன்

நேற்று மாலைதான் பட்டறையில் பணம் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். 1,46,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்கள் தோட்டம் கொல்லிமலையில் இருக்கிறது. தார்ச் சாலையிலிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்தால் சாதாரண பிக்கப் அங்கே சக்கரம் சுழன்றபடி நின்றுவிடும். அதனால்தான் ஃபோர் வீல் வண்டி தேடினேன். பழைய வண்டிகளை விற்றுத் தரும் இணையதளம் ஒன்றில் விளம்பரம் பார்த்து, கீழே சமவெளியில் உள்ள ஒரு யார்டுக்குப் போனேன். இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை, வழக்கு வரைக்கும் போக வேண்டியிருக்கலாம்.

நான் நம்பிய அந்த நிமிடத்தைச் சொல்லியாக வேண்டும். விற்பனையாளர் என்னையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த குமிழை 'ஃபோர் ஹெச்'சுக்கு, அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நிலைக்குத் திருப்பச் சொன்னார். டாஷ்போர்டில் பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு நிலைத்து நின்றது. யார்டுக்குப் பின்னால் கொட்டியிருந்த மண்மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. "அண்ணா, உங்க மலைக்கு ஃபோர் ஹெச்சுலயே போட்டு விட்டுருங்க, கழட்டவே வேண்டாங்க. நாலு சக்கரமும் ரோட்டைப் பிடிச்சுக்கும்" என்றார். லோடு தாங்குவதற்கு என்று பின்பக்கம் இரண்டு புது டயர்களை இலவசமாகப் போட்டுத் தந்தார். இலவச டயரைப் பார்த்து மனம் குளிர்ந்தவன் நான்தான், அதை மறைக்கவில்லை. அன்று இரவு சந்தேகம் கேட்டபோதும் வாட்ஸப்பில் அதையே குரல் பதிவாக அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே செம்மேட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவர் சொன்னபடியே ஃபோர் ஹெச்சிலேயே ஓட்டினேன். மூன்றாவது நாளிலிருந்தே வளைவுகளில் ஸ்டீயரிங் கல்லாக இறுகியது, டயர் கீச்சிட்டது, வளைவு முடிந்து நேரானதும் தரைக்குக் கீழே 'தடக்' என்று ஏதோ விடுபட்டது. தொலைபேசியில் கேட்டேன். "புது டயர் இல்லீங்களா, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார். பத்தொன்பதாவது நாள், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவின் நடுவில் பெரிய சத்தம் கேட்டது. அதன்பிறகு வண்டி உருளவில்லை.

நாமக்கல் பட்டறையில், இன்ஜின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றி எண்ணெயை வடித்த மெக்கானிக், அதில் விரலைத் தோய்த்து என்னிடம் காட்டினார். வெள்ளிப்பூச்சு பூசியதுபோல் விரல் நுனி மினுங்கியது. அத்தனையும் உலோகத் தூள். உள்ளே முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் சங்கிலி நீண்டு, கேஸின் சுவரையே அறுத்திருந்தது; இவ்வளவு தேய்மானம் 19 நாளில் வந்திருக்காது, ஏற்கெனவே இருந்த தேய்மானத்தை மறைத்துத்தான் விற்றிருக்கிறார்கள் என்றார். மீதியை நான் ஓட்டிய விதம் செய்துவிட்டது.

அவர் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டியதை எழுதுகிறேன். இந்த வகை பிக்கப்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல், அதாவது இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. ஃபோர் ஹெச் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் போகும் இரண்டு ஷாஃப்டுகளும் (சுழலும் தண்டுகள்) ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் போகும் வட்டம் எப்போதும் பெரியது. பின் அச்சு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், மூன்று மீட்டர் நீள அச்சிடைவெளி உள்ள வண்டியில் முன் அச்சு ஏறத்தாழ 6.7 மீட்டர் ஆரத்தில் ஓடுகிறது. அரைவட்டம் முடிவதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடுகிறது; காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் சங்கிலி மேலும் ஜாயின்ட்டுகள் மேலும் ஏறுகிறது. இடது வளைவு ஏற்றிய முறுக்கத்தை வலது வளைவு கழிக்கும் என்று நான் நினைத்தேன். கழிக்காது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதிகம் ஓட வேண்டியது முன் சக்கரம்தான். போதாக்குறைக்கு அந்த இலவச டயர்கள்! தேய்ந்த முன் டயரைவிடப் பின் டயரின் விட்டம் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக இருந்ததால், நேர்ச்சாலையிலும் சங்கிலிக்கு ஓய்வில்லை.

இழுவை வண்டிக்கு 8,500, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு 1,05,000, ஜாயின்ட், சீல், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 17,000, முன்பக்கத்துக்கு இரண்டு டயர் 16,000. மொத்தம் 1,46,500 ரூபாய்.

யார்டைக் கேட்டால், முதல் நாள் "முதலாளி வெளியூர் போயிருக்காருங்க." நான்காம் நாள், வாரன்ட்டி இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மட்டும்தான், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டிலும் சேராது என்றார்கள். நேரில் போனபோது, கழட்டவே வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர், நாலு பேர் முன்னிலையில், "தார் ரோட்டுல யாராச்சும் ஃபோர் ஹெச் போட்டு ஓட்டுவாங்களாங்க?" என்று சிரித்தார். 1,46,500 ரூபாயைவிட அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது. அங்கேயே நின்று அவருடைய குரல் பதிவை அவருக்கே அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் இல்லை. இணையதளத்தாரோ, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன், புகார் எண் மட்டும் வந்திருக்கிறது.

எப்படி ஓட்டுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. காய்ந்த தாரில் எப்போதும் டூ ஹெச், அதாவது இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை. சேறு வருவதற்கு முன்பே ஃபோர் ஹெச் போடுங்கள், மாட்டிக்கொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். தார்ச் சாலையில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். எடுக்க வராமல் இறுகிக்கொண்டால் நேராகச் சில மீட்டர் பின்னால் வாருங்கள், விடுபடும். கடும் இழுவைக்கான மெதுவான நிலையான ஃபோர் எல் என்றால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். வாங்கும்முன் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை ஒரு சொட்டாவது வடித்துப் பாருங்கள். பச்சை விளக்கை நம்பாதீர்கள்.

காலையில் வாழைத்தார் இறக்க வேண்டும், இத்துடன் நிறுத்துகிறேன். குரல் பதிவு வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.