மிக்-21 கிட்டுக்குக் கூடுதல் பாகங்கள்: எது தேவை, எது வீண்

எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 அளவு (அசலில் 48-இல் ஒரு பங்கு) மிக்-21 போர் விமான மாடல் வரிசை 2011-இல் வந்தது. பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டினாலே பார்க்க நன்றாக இருக்கும் கிட் இது. அதனால் கூடுதல் பாகம் எது வாங்கினாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார வேண்டும். இல்லையென்றால் காசு உடலுக்குள் போய் மூடிக்கொள்ளும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். ப்ரோஃபிபேக் பதிப்பு என்றால் வண்ணம் அச்சிட்ட எட்ச் தகடும் (அரித்துச் செய்த மெல்லிய உலோகப் பாகங்கள்) கேனபி மாஸ்க்கும் (காக்பிட் கண்ணாடி மூடியில் பெயின்ட் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்) உள்ளேயே இருக்கும். வீக்கெண்ட் பதிப்பில் பிளாஸ்டிக்கும் டெக்காலும் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மட்டும். வீக்கெண்ட் வாங்கி மற்ற இரண்டையும் தனியாக வரவழைத்தால், மிச்சம் பிடித்தது தபால் செலவிலேயே போய்விடும்.

ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் மாஸ்டர் நிறுவனத்தின் பித்தளை பிட்டோ குழாய் (வேகம் அளக்க மூக்கில் நீட்டியிருக்கும் மெல்லிய குழாய்). பிளாஸ்டிக் குழாயில் இருபுறமும் அச்சுக்கோடு ஓடும். அதைச் சுரண்டச் சுரண்ட உருளை தட்டையாகும். சட்டைக் கை பட்டாலே ஒடியும். பித்தளைக் குழாய் கடைசலில் பிடித்தது. நுனி வரை சீராகக் கூராகும். கிட்டின் குழாயை வெட்டும் முன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மிக்-21-இன் வகைக்கு வகை அது மாறும்: எஃப்-13-இல் மூக்கின் அடியில், பி.எஃப். முதல் மேலே, எம்.எஃப்., பிஸ் இரண்டிலும் மேலே வலப்பக்கம் தள்ளி. சிறிய டிரில்லில் தொடங்கித் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். பித்தளையில் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. ஆல்கஹாலில் துடைத்து மெட்டல் பிரைமர் அடிக்க வேண்டும். ஒட்டுவது எல்லா வேலையும் முடிந்த பிறகு.

அடுத்தது ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) சக்கரங்கள். இவை ஒரே துண்டு, டயர் நடுவில் இணைப்புக் கோடு கிடையாது. பச்சை நிற ஹப்புக்கான மாஸ்க்கும் எடுவார்டின் ரெசின் பாக வரிசையான பிராசின் செட்டில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்த பிறகே பெயின்ட். வார்ப்பு அச்சில் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் உரியும். வார்ப்புக் கட்டையை ரேசர் ரம்பத்தால் அறுத்து, ஈர உப்புத்தாளில் தேய்க்கவும். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போடுங்கள். டயரின் தட்டையான பகுதி தரையைப் பார்க்கிறதா என்று மாடலை நிறுத்திப் பார்த்து ஒட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

காக்பிட்டில்தான் குழப்பம். வண்ண எட்ச் பேனலில் டயல்கள் தெளிவு, ஆனால் அச்சுப் புள்ளிகள் உற்றுப் பார்த்தால் தெரியும். ரஷ்ய விமானங்களுக்கே உரிய அந்த நீலப்பச்சை, நாம் கலக்கும் பெயின்டோடு லேசில் ஒத்துப்போகாது. பேனலைச் சுற்றி வேறு பச்சை, பக்கச் சுவரில் வேறு பச்சை! குவின்டா நிறுவனத்தின் முப்பரிமாண டெக்காலும் எடுவார்டின் அதே வகை ஸ்பேஸ் செட்டும் இதைவிட மேல்: சுவிட்சுகள் உண்மையிலேயே புடைத்து நிற்கும். அதற்காகப் பக்கச்சுவரையும் பேனலையும் அந்த டெக்காலின் நிறத்தைப் பார்த்தே கலந்து அடியுங்கள். கிட்டில் புடைத்திருக்கும் விவரங்களைச் சீவித் தட்டையாக்காமல் ஒட்டினால் ஓரம் தூக்கும். வெறும் தண்ணீர்ப் பசை போதாது, நீர்த்த ஃபெவிகால் ஒரு சொட்டு அடியில் வையுங்கள்.

முழு ரெசின் காக்பிட் கேனபியைத் திறந்து காட்டுபவர்களுக்கு மட்டும். அதை உட்கார வைக்க உடலின் உட்சுவரை மெலிதாக்க வேண்டும், பசை இல்லாமல் நாலைந்து முறை பொருத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ரெசின் இருக்கை மட்டும் போதும். எந்த இருக்கை என்பதைப் பார்த்து வாங்குங்கள்: எம்.எஃப்., பிஸ் இரண்டுக்கும் கே.எம்-1. இந்திய விமானப்படையின் டைப் 77 எஃப்.எல். செய்பவர்கள் இதைப் போட்டால் தப்பு. அதில் முன்னோக்கித் திறக்கும் கேனபியும் எஸ்.கே. இருக்கையும்தான். கேனபி அருகே ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டாம், ஆவி படிந்து கண்ணாடி வெள்ளை பூத்துவிடும்.

ரெசின் எக்ஸாஸ்ட் அழகுதான், உள்ளே ஆழம் வரை பர்னர் வளையங்கள் தெரியும். ஆனால் வால் கனமாகும். உடலை ஒட்டும் முன் இறக்கை, எக்ஸாஸ்ட், சக்கரங்கள் எல்லாவற்றையும் டேப்பால் கட்டி நிறுத்துங்கள். வால் தரையைத் தொட்டால் மூக்குக் கூம்புக்குள் ஈயம் சேருங்கள், தொடாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் சேருங்கள். பெயின்ட், டெக்கால், ஏவுகணை என்று பின்னால் ஏறும் எடை கணக்கில் வராது, ஒட்டி மூடிய உடலுக்குள் பிறகு கை போகாது.

வெளிப்புற எட்ச் செட்டைத் தாராளமாகத் தவிர்க்கலாம். இந்த கிட்டின் பேனல் கோடுகளும் ரிவெட்டும் ஏற்கெனவே கூர்மை. அதற்கு மேல் ஒட்டும் தகட்டில் பாதி பெயின்ட்டுக்குப் பின் தெரிவதே இல்லை.

பிராசின் வாங்கும்போது 648 என்று தொடங்கும் பட்டியல் எண்தான் 1/48. 672 என்றால் 1/72. மாஸ்க்கில் ஈ.எக்ஸ். 1/48, சி.எக்ஸ். 1/72.