நுகர்வோர் ஆளுமைக் கருத்தாய்வுச் சேவை: கேள்வித்தாள் நன்று, அறிக்கை ஏமாற்றம்

பயணப் பைகளைத் தயாரித்து இணையத்தில் விற்கும் நிறுவனமொன்றின் விளம்பரப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரே வயதும் ஒரே வருமானமும் உள்ள இருவரில் ஒருவர் பளிச்சென்ற நிறத்தைத் தேடுவதும் மற்றவர் ஜிப்பின் உறுதியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பதும் ஏன் என்பதை அறிய விரும்பி, ஆளுமை அடிப்படையிலான நுகர்வோர் கருத்தாய்வை நடத்தித் தரும் இணையச் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டினோம். அதன் கேள்வித்தாளுக்காக அதைப் பாராட்டலாம். அதன் அறிக்கையை நம்பி விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கக் கூடாது.

புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் ஆகிய ஐந்து பண்புகளையும் அளப்பதுதான் உளவியல் ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முறை. கேள்வித்தாள் அதையே பின்பற்றுகிறது. 2003இல் வெளிவந்த பத்தே வாக்கியங்கள் கொண்ட அளவுகோலைவிட இது சற்று நீளமானது என்றாலும், செல்பேசியில் அலுப்பின்றி முடித்துவிடலாம். ‘முன்பின் தெரியாதவரிடமும் எளிதில் பேசிப் பழகுவேன்’ என்ற வாக்கியத்துக்கும், சில திரைகள் தள்ளி வரும் ‘கூட்டத்தில் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டேன்’ என்ற வாக்கியத்துக்கும் ஒருவர் ‘முழுமையாக ஏற்கிறேன்’ என்றே குறித்தால், அந்தப் பதில் தனியே அடையாளமிடப்பட்டு நம் பார்வைக்கு வருகிறது. எதைக் கேட்டாலும் ஆமாம் போடுபவர்கள் எல்லாக் கருத்தாய்விலும் உண்டு என்பதால், இந்த ஏற்பாடு மிகவும் பயன்பட்டது. (இத்தகைய வாக்கியங்கள் பல பொதுப் பயன்பாட்டுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன, கட்டணம் செலுத்துவது நடத்தித் தரும் வசதிக்குத்தான்.)

அறிக்கைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ஐந்து மதிப்பெண்களையும் மறைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் ‘துணிச்சல்காரர்’, ‘திட்டமிடுபவர்’, ‘தோழமையாளர்’ என ஏதேனும் ஒரு வகையில் அடைத்துவிடுகிறார்கள். மனிதர்களின் பண்புகள் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. பெரும்பாலோர் நடுப்பகுதியிலேயே நிற்கிறார்கள். ஐந்துக்கு 2.9 பெற்றவரும் 3.1 பெற்றவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். ஆனால் 3 என்ற இடத்தில் கோடு கிழித்ததால், அறிக்கையில் இருவரும் எதிரெதிர் துருவங்களாகிவிடுகிறார்கள். வகை விளக்கங்களோ, ‘தரத்தை மதிப்பவர், ஆனாலும் பணத்தை வீணாக்க விரும்பாதவர்’ என்ற தரத்தில் இருக்கின்றன. இதை மறுப்பவர் யார்? உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், 39 மாணவர்களுக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பை அவரவருக்கே உரியது என்று கொடுத்தபோது, அது தம்மைச் சரியாகச் சொல்கிறது என்று அவர்கள் இட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. மூல மதிப்பெண்களைக் கேட்டபோது, அதற்கு உயர் சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். நாம் சேகரித்த பதில்களையே நமக்குத் தரக் கூடுதல் கட்டணம் கேட்பது முறையன்று.

எந்தப் பொருளை யார் வாங்குவார் என்பதை ஆளுமையே சொல்லிவிடும் என்ற விளம்பர வாக்குறுதியையும் ஏற்பதற்கில்லை. ஃபோர்டு, செவ்ரோலே கார் உரிமையாளர்களை ஆளுமைச் சோதனையால் பிரித்தறிய முயன்ற 1959ஆம் ஆண்டு ஆய்விலேயே அந்த நம்பிக்கை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆளுமை உதவுவது, ஒரே பொருளை யாரிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான். ஃபேஸ்புக்கில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆளுமைக்குப் பொருந்திய விளம்பரங்கள் பொருந்தாதவற்றைவிட 40 சதவீதம் வரை கூடுதல் கிளிக்குகளையும் 50 சதவீதம் வரை கூடுதல் விற்பனையையும் பெற்றன. அங்கே ஆளுமையைக் கணித்தது ஃபேஸ்புக்கில் பயனர்கள் இட்ட விருப்பக்குறிகளை (லைக்) கொண்டு, கேள்வித்தாளால் அன்று. எனவே அந்த எண்களைத் தன் சேவையின் சாதனைபோல் ஒரு கருத்தாய்வு நிறுவனம் காட்டினால் நம்ப வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த பலன் எளிமையானது: பொறுப்புணர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள், ‘பை ஏன் பிடித்தது’ என்ற கேள்விக்குத் தையல், உத்தரவாதக் காலம், எடை என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய சொற்களையே எடுத்து விளம்பர வாசகத்தைத் திருத்தினோம்.

இனி ஒப்புதல் பக்கம். பரிசுக் குலுக்கலைப் பற்றிப் பெரிய எழுத்தில் சொல்லும் அந்தப் பக்கம், பதிலளிப்பவரின் ஆளுமை மதிப்பெண் அவருடைய மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்துச் சேமிக்கப்படும் என்பதைச் சொல்வதே இல்லை. ஆளுமை வினாடி வினா ஒன்றின் வழியாக 8.7 கோடிப் பயனர்கள் வரையிலானோரின் தரவு முறையான அனுமதியின்றி ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே 2018இல் மதிப்பிட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பிறகும் இப்படி நடப்பது எனக்குக் கவலை அளிக்கிறது. ஒருவர் தன் மனக்கலக்கத்தைப் பற்றி உண்மையாகப் பதில் சொல்வது நம்மை நம்பித்தான். சேவையின் அமைப்புகள் பகுதியில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்தும் வசதி உண்டு. அதை நிறுத்திவிட்டு, ஒப்புதல் பக்கத்தை நீங்களே எழுதிச் சேர்த்த பிறகே கருத்தாய்வை வெளியிடுங்கள்.