காது குத்தினால் அடிக்கிற நீல்மெட் ஸ்பிரே: வாங்கலாமா?

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் யாராவது வருகிறார்கள், பெட்டியில் கொஞ்சம் இடமும் இருக்கிறது என்றால் நீல்மெட் பியர்சிங் ஆஃப்டர்கேர் ஸ்பிரே ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், நல்ல சாமான். ஒருவரும் வரவில்லையா, பரவாயில்லை, அதற்குள் இருக்கிற உப்புநீர் நம்முடைய பாமசியிலும் கிடைக்கும்.

நான் காதின் மேல்மடலில், அந்தக் குருத்தெலும்பில் குத்தியிருந்த நேரம் கனடாவில் இருந்து வந்த மச்சாள் 177 மில்லி டப்பா ஒன்று கொண்டுவந்து தந்தா. சைனஸ்காரருக்கு மூக்குக் கழுவும் மருந்து செய்கிற அதே கம்பனிதான். டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தால் சுத்திகரித்த தண்ணீரும் 0.9 சதவீதம் சோடியம் குளோரைட்டும், அவ்வளவுதான். மணம் இல்லை, நிறம் இல்லை, எரிவும் இல்லை. நம்முடைய உடம்பில் ஓடுகிற நீரின் உப்பளவோடு 0.9 ஒத்துப்போவதால்தான் புதுக்காயத்தில் பட்டாலும் அது எரிவதில்லை.

காலையில் எழும்பினால் கம்பியைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாகப் பொருக்கு பிடித்திருக்கும். அது சீழ் இல்லை, காயம் ஆறும்போது கசிகிற நீர் காய்ந்து கிடப்பது. அதை நகத்தால் சுரண்டினால் உள்ளே ஆறிக்கொண்டிருக்கிற தோலும் சேர்ந்து பிய்யும். குளித்துவிட்டு வந்து காதின் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரேயை அடித்துக் கொஞ்சம் பொறுத்தால் பொருக்கு ஊறி இளகிவிடும், பிறகு காயம் கட்டுகிற கோஸ் துணித் துண்டால் ஒற்றினால் தானாகவே கழன்று வரும். பஞ்சு வேண்டாம், அதன் நார் கம்பியில் சுற்றிக்கொண்டு பெரிய கரைச்சல். டப்பாவை எந்தப் பக்கம் சரித்துப் பிடித்தாலும் அடிக்கிறது, காதின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாமல் தடவித் தடவி அடிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு உதவி என்று தெரியும். அடித்த பிறகு ஈரத்தை அப்படியே விடக்கூடாது. நம்முடைய ஊர்ப் புழுக்கத்தில் காதுக்குப் பின்னால் ஈரம் லேசில் காயாது, சுத்தமான டிஷ்யூவால் ஒற்றிவிட்டுக் கொஞ்சநேரம் மேசை ஃபேனுக்கு முன்னால் இருங்கள்.

பாமசியில் கேட்டால் 500 மில்லி நோர்மல் சேலைன், அதாவது உப்புநீர்ப் போத்தல் தருவார்கள். அதுவும் 0.9 சதவீதம்தான், குறை ஒன்றும் இல்லை. வித்தியாசம் போத்தலில்தான் இருக்கிறது. சேலைன் போத்தலைத் திறந்த பிறகு நாள்கணக்கில் வைத்துப் பாவிக்க முடியாது, கிருமி போய்விடும், பாதிக்கு மேல் ஊற்றத்தான் வேண்டிவரும். ஸ்பிரே டப்பாவுக்குள் வெளிக்காற்று போகாது, கடைசித் துளிவரைக்கும் சுத்தம். காசு கூடக் கொடுப்பது அதற்குத்தான். வீட்டில் உப்பைக் கரைத்து அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தொழில்முறைப் பியர்சர்களின் சங்கம் இப்போது அதை வேண்டாம் என்றுதான் சொல்கிறது, ஏனென்றால் கைக்கணக்கில் உப்பு கூடிப்போய்த் தோல் காய்ந்துவிடும்.

எங்கள் திருகோணமலைப் பக்கம் அடிக்கடி கேட்கிற ஒரு கதை இருக்கிறது. "கடல் தண்ணியும் உப்புத்தானே பிள்ளை, நிலாவெளியில போய் முங்கிட்டு வா, காயம் தன்ர பாட்டில ஆறும்." தயவுசெய்து செய்யாதீர்கள். கடலில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம், ஸ்பிரேயில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்குக் கிட்ட. அதோடு வெதுவெதுப்பான கடல்நீரில் காயத்துக்குள் போகக்கூடிய கிருமிகளும் இருக்கின்றன. உப்புவெளியோ நிலாவெளியோ, காயம் ஆறும்வரை கரையில் நின்று கால் நனைப்பதோடு சரி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஊற்றிக் குளிக்கிற ஆசையையும் தள்ளி வையுங்கள்.

மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டோல், ஸ்பிரிட் எல்லாம் அன்போடுதான் வரும், அம்மம்மாவின் கையில் இருந்து வந்தால் மறுக்கவும் முடியாது. ஆனால் எண்ணெய் துளையை அடைத்துவிடும், டெட்டோலும் ஸ்பிரிட்டும் புதிதாக வளர்கிற தோலையே எரித்துவிடும். இந்த டப்பாவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்: "இதுக்கு மருந்து இருக்கு அம்மம்மா" என்று காட்ட கையில் ஒன்று இருக்கிறது, வீட்டில் ஒருவரும் வேறொன்றும் பூச வருவதில்லை.

ஆனால் ஸ்பிரேயால் முடியாததும் இருக்கிறது. என் தங்கச்சிக்கு ஒரு நகைக்கடையில் துப்பாக்கியால் மூக்குக் குத்தினார்கள், கூடவே தோட்டை ஒவ்வொரு நாளும் திருப்பிவிடவும் சொன்னார்கள். திருப்பத் திருப்பக் காயம் திறந்து பக்கத்தில் சின்னக் கட்டியாக எழும்பியது. எவ்வளவு அடித்தும் கேட்கவில்லை, திருப்புவதை நிறுத்திய பிறகுதான் மெல்ல வற்றியது. அந்தத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடம்பை ஆட்டோகிளேவில், அதாவது கிருமி கொல்லுகிற நீராவி இயந்திரத்தில், அவிக்க முடியாது, தோட்டின் கூர்முனையும் ஊசி மாதிரி வெட்டாமல் நெரித்துக்கொண்டுதான் உள்ளே போகும், அதனால் ஊசியால் குத்துகிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

பொறுமையும் வேண்டும். காதுச் சோணைக்கு 6 முதல் 8 கிழமை போதும், மேல்மடலுக்கு 6 மாதத்தில் இருந்து ஒரு வருடம்கூட எடுக்கும், வெளியே ஆறினது போலத் தெரிந்தாலும் உள்ளே இன்னும் ஆறியிருக்காது. காது சூடாகி, சிவப்பு பரவி, பச்சையாகச் சீழ் வந்து காய்ச்சலும் அடித்தால் ஸ்பிரேயை வைத்துவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, அங்கே கிருமி பிடித்தால் காதின் வடிவமே கெட்டுவிடலாம். தோட்டை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம், துளை மூடிச் சீழ் உள்ளே அடைபட்டுவிடும், அதை டொக்டர் முடிவு செய்யட்டும்.

பாமசியில் வாங்குபவர்கள் காயம் கழுவுகிற சேலைன் என்று கேட்டு வாங்குங்கள். மூக்குக்கு அடிக்கிற சொட்டுமருந்து, கொன்டாக்ட் லென்ஸ் கழுவுகிற தண்ணீர் இரண்டும் பார்க்க இதைப்போலவே இருக்கும், ஆனால் பலவற்றில் கெடாமல் இருக்க வேறு மருந்தும் கலந்திருக்கும். லேபிளில் 0.9 சதவீதம் சோடியம் குளோரைட்டும் தண்ணீரும் தவிர வேறு பெயர் ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.