ஸ்ட்ரோக் நோயாளிக்கான ‘இன்ஃபெக்‌ஷன் பேக்கேஜ்’: வடசென்னை லேப் ஒன்றின் சேவை எப்படி?

வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு லேப், பக்கவாதம் வந்தவர்களுக்கென்றே ஒரு ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் விற்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் வரைக்கும் ஆள் வந்து சாம்பிள் எடுத்துப் போகிறார். சொந்த லேப் இல்லாத சின்ன நர்சிங் ஹோம்கள்தான் பெரும்பாலும் கூப்பிடுகின்றன. மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் படுத்திருப்பவர்களின் குடும்பங்களும் உண்டு. ‘நிமோனியா வருவதை முன்கூட்டியே அறியலாம்’ என்று நோட்டீஸ் சொல்கிறது. லேப்பின் பெயர் இங்கே வேண்டாம். ஏறக்குறைய இதே பட்டியலைப் பல இடங்களில் வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், ஆகவே பட்டியலைப் பற்றிப் பேசுவதே உபயோகம்.

பட்டியலில் ஆறு இருக்கின்றன: டிஃபரென்ஷியலோடு (வெள்ளணு வகைகளின் சதவீதத்தோடு) சிபிசி என்ற ரத்த அணுக்கணக்கு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, பாக்டீரியா தொற்றில் ஏறும் புரோகால்சிடோனின் என்கிற பிசிடி, அழற்சிக்குச் சைகை தரும் ஐஎல்-6, ரத்தக்கட்டு கரைவதைக் காட்டும் டி-டைமர், இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். கடைசி இரண்டும் கொரோனா காலத்து பேக்கேஜில் இருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தவை போலிருக்கிறது. டி-டைமர் வயதானாலே ஏறும், ஸ்ட்ரோக் வந்தாலும் ஏறும். காலில் ரத்தக்கட்டு சந்தேகம் இருந்தால் டாக்டர் தனியாகக் கேட்பார். ஃபெரிட்டினை வைத்து இந்த நோயாளிக்கு எந்த முடிவும் மாறப்போவதில்லை. இரண்டையும் நீக்கச் சொன்னால் நீக்கித் தருகிறார்கள், ஆனால் நாம் கேட்டால்தான்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நுரையீரல் தொற்று வருவதற்கு இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொள்கின்றன. விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாததால் எச்சிலும் கஞ்சியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. அதே சமயம் மூளைக் காயம், பதற்ற நேரத்தில் உடம்பை உஷார்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகளையும் அட்ரீனல் சுரப்பியையும் முடுக்கிவிடுகிறது. கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடுகிறது, தொற்றை எதிர்க்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை விழுகிறது, உடம்பின் காவல் சில நாட்களுக்குத் தளர்கிறது. மருத்துவர்கள் இந்த வகை நிமோனியாவுக்கு வைத்திருக்கும் வரையறையே முதல் 7 நாட்கள்தான். பத்தாம் நாள் இந்த பேக்கேஜை வாங்குகிறவர் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் தேடுகிறார்.

பட்டியலில் மிக மலிவானது சிபிசி, அதிகம் பயன்படுவதும் அதுதான். ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் (இன்னொரு வகை வெள்ளணு) 82 சதவீதம், லிம்போசைட் 9 சதவீதம் என்றிருந்தால் 82-ஐ 9-ஆல் வகுக்க வேண்டும்: 9.1. இதுதான் என்எல்ஆர், அதாவது நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம். ஆரோக்கியமானவருக்கு இது பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். ஸ்ட்ரோக் நோயாளியிடம் இது எவ்வளவு உயரமோ, தொற்று அபாயமும் அவ்வளவு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லைக்கோடு கிடையாது. அதனால் ஒரே எண்ணைப் பார்த்துப் பதறுவதை விட, முதல் நாள் 4, மூன்றாம் நாள் 9 என்கிற ஏற்றத்தைக் கவனிப்பது நல்லது. டெக்சாமெதசோன் மாதிரி ஸ்டீராய்டு போட்டிருந்தால் நியூட்ரோஃபில் ஏறி லிம்போசைட் இறங்கும். அப்போது இந்தக் கணக்கு பொய் சொல்லும். இந்த லேப் என்எல்ஆரைத் தானே கணக்கிட்டு அச்சடிப்பதில்லை. ஒரே ஒரு வகுத்தல், அதைக்கூடச் செய்யாமல் ‘அட்வான்ஸ்டு’ என்று பெயர் வைப்பது கொஞ்சம் வேடிக்கை.

சிஆர்பியும் வாங்கத் தகுந்ததுதான், ஆனால் அலகைப் பார்த்த பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். சில லேப்கள் மி.கி./லிட்டர் என்று போடும், சில மி.கி./டெசிலிட்டர் என்று போடும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்: 4.8 மி.கி./டெசிலிட்டர் என்றால் 48 மி.கி./லிட்டர். நர்சிங் ஹோமில் ஒரு லேப், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு லேப் என்று மாற்றினால், ஏறுகிற சிஆர்பி இறங்குகிற மாதிரித் தெரிந்து நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். இருதய அபாயத்துக்கான எச்எஸ்-சிஆர்பியைத் தவறாக டிக் செய்வதும் நடக்கிறது. இங்கே வேண்டியது சாதாரண சிஆர்பி. தூண்டுதல் கிடைத்து ஏறக்குறைய 6 மணி நேரம் கழித்துத்தான் சிஆர்பி ஏறத் தொடங்கும், உச்சத்துக்கு வர ஒன்றரை முதல் இரண்டு நாட்கள் ஆகும். பெரிய மூளைப்பாதிப்பு தொற்றே இல்லாமலும் அதை உயர்த்தும். சிறுநீர்க் குழாய்த் தொற்று, படுக்கைப்புண், சர்க்கரைக்காரரின் காலில் ஆறாத புண், எல்லாமே உயர்த்தும். நுரையீரல் என்று தனியாகச் சுட்டிக்காட்டும் சக்தி அதற்கு இல்லை. இறங்கும்போது உதவுகிறது: அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால், ஆன்டிபயாடிக் வேலை செய்தால் இரண்டு மூன்று நாட்களில் பாதிக்கும் கீழே வந்துவிட வேண்டும்.

பேக்கேஜின் விலையைத் தூக்கிவிடுவது பிசிடி. சிபிசியும் சிஆர்பியும் சில நூறு ரூபாயில் முடியும். பிசிடி ஆயிரத்தில் பேசும். உடம்பு முழுக்கப் பரவிய பாக்டீரியா தொற்றில் இது நன்றாக ஏறும். ஸ்ட்ரோக் நிமோனியாவோ பல சமயம் நுரையீரலின் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும், பிசிடி 0.25 நானோகிராம்/மி.லி.-க்குக் கீழேயே நிற்க, எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு தெரியும். ஆகவே பிசிடி குறைவு என்பதை வைத்து நிமோனியா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரகம் பழுதான நோயாளிக்குத் தொற்று இல்லாமலே கூடியிருக்கும். லேப்பிடம் கேட்க வேண்டியது ஒன்றே: உங்கள் கருவி அளக்கும் மிகக் குறைந்த அளவு என்ன? ‘0.5-க்குக் குறைவு’ என்று மட்டும் சொல்லும் கிட்டாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகாது. ஸ்ட்ராவின்ஸ்கி என்று பெயரிட்ட ஐரோப்பிய ஆய்வில் 0.05 என்ற நுண்ணிய அளவை வைத்துத் தினமும் அளந்து ஆன்டிபயாடிக்கை வழிநடத்தினார்கள். அப்படிச் செய்தும் மூன்று மாதம் கழித்து நோயாளிகள் நடமாடும் நிலையில் முன்னேற்றம் கிடைக்கவில்லை.

ஐஎல்-6 சீக்கிரமே ஏறும், சீக்கிரமே மாறும். சாம்பிளில் இருந்து ரத்த செல்களைத் தாமதமாகப் பிரித்தால் எண்ணை நம்ப முடியாது. வாங்க வேண்டாம். நோய் எதிர்ப்புத் தளர்ச்சியை நேராகக் காட்டுவது மோனோசைட் என்ற வெள்ளணுவின் மேல் இருக்கும் எச்எல்ஏ-டிஆர் புரதத்தின் அளவு. அதற்கு செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியும் உடனே பரிசோதிக்கும் புது ரத்தமும் வேண்டும், தெருமுனை லேப் பேக்கேஜில் வராது.

சாம்பிள் எடுக்கும் விதத்தில் இந்த லேப்புக்கு நல்ல மார்க் கொடுக்கலாம். ட்ரிப்ஸ் ஓடும் கையைத் தவிர்த்து மறு கையில் எடுக்கிறார்கள். ட்ரிப்ஸ் கையில் எடுத்தால் ரத்தம் நீர்த்துப் பல எண்கள் தவறாகக் குறையும். ஊதா மூடி ட்யூபைக் கோடு வரை நிரப்பி, குலுக்காமல் 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்க்கிறார்கள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி ட்யூப் உறைய 30 நிமிடம் நேராக நிற்க வேண்டும், இங்கேதான் சறுக்கல். எடுத்த கையோடு பைக் பையில் படுக்கவைத்து, கன்டெய்னர் லாரி நெரிசலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் குலுக்கிக்கொண்டு போனால் செல்கள் உடைந்து சீரம் (உறைந்த ரத்தத்தில் இருந்து பிரியும் தெளிநீர்) சிவந்துவிடும். பெரிய குறை இன்னொன்று: ரிப்போர்ட்டில் இருப்பது சாம்பிள் லேப்புக்கு வந்த நேரம், எடுத்த நேரம் இல்லை. ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதற்காகவே செய்யும் பரிசோதனைக்கு இது சின்னக் குறையல்ல. ட்யூப் லேபிளில் பேனாவால் நேரம் எழுதச் சொல்லி, அதையே ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நிமோனியா வரும் அபாயத்தைச் சொல்ல, காசே இல்லாமல் கிடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, ஏ2டிஎஸ்2. வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 1, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு இருந்தால் 1, விழுங்குவதில் சிரமம் 2, ஆணாக இருந்தால் 1, ஸ்ட்ரோக்கின் தீவிரத்தைக் காட்டும் என்ஐஎச்எஸ்எஸ் எண் 5 முதல் 15 வரை என்றால் 3, 16 அல்லது அதற்கு மேல் என்றால் 5. மொத்தம் 10. என்ஐஎச்எஸ்எஸ் 12, விழுங்க முடியாத 68 வயது ஆண் என்றால் 1+2+3, ஆறு. ஊசி குத்துவதற்கு முன்பே அபாயம் அதிகம் என்று தெரிந்துவிட்டது. பேக்கேஜ் விற்கும் இடத்தில் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

எண் கூடியிருக்கிறதே, முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமா? 2015-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், நெதர்லாந்தின் பாஸ், பிரிட்டனின் ஸ்ட்ரோக்-இன்ஃப், அப்படிப் போட்டுப் பார்த்தன. நோயாளிகளின் நிலை அதனால் தேறவில்லை. மாறாக, காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் நர்ஸ்கள் ஒழுங்காகக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வில் 2011-லேயே நல்ல பலன் தெரிந்தது. எனவே எண் ஏறினால் செய்ய வேண்டியவை: விழுங்கும் சோதனை முடியும் வரை வாயில் எதுவும் வேண்டாம், பாசத்தில் ஊட்டும் அந்த ஒரு வாய் டீ உட்பட. முழு விழிப்பில், நிமிர்த்தி உட்காரவைத்து, நர்ஸ் முன்னிலையில் முதலில் டீஸ்பூன் தண்ணீர். இருமல் வராமல், தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் கரகரக்காமல் இருந்தால்தான் அடுத்தது. மூக்குக் குழாயில் கொடுத்தால் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்து முடித்து ஒரு மணி நேரம் வரை இறக்கக் கூடாது. பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பழைய காசநோய்த் தழும்பு இருப்பவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிடலாம்.

வாங்குவதானால் இப்படி வாங்குங்கள்: சேர்ந்த நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள், மூன்று முறை சிபிசியும் சிஆர்பியும், ஒரே லேப்பில். பிசிடி, காய்ச்சல் வந்த பிறகு டாக்டர் கேட்டால் மட்டும். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சனிக்கிழமை மாலைக்கு மேல் எடுக்கும் பிசிடி சாம்பிளைத் திங்கட்கிழமைதான் ஓட்டுகிறார்கள், அதை முன்கூட்டிச் சொல்வதும் இல்லை; போன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, நோயாளி மயக்கமாகவே கிடந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் ஐசியு உள்ள இடத்துக்கோ கொண்டுபோங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் நேரம் குறித்த நோட்டையும் கையோடு எடுத்துப் போனால் அங்கே உள்ளவர்களுக்கு வேலை மிச்சம்.