மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டே வைத்திருக்கும் அளவு ராட்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "புஷ்ராட் நீளம் பார்க்க ஒரு ராட் வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

புஷ்ராட் என்பது கேம்ஷாஃப்டின் அசைவை மேலே வால்வு பக்கம் கொண்டுபோகும் குச்சி. அதற்குச் சரியான நீளம் எது என்று பார்க்க, நீட்டிக் குறைக்கக்கூடிய இந்த அளவு ராட். பொருள் எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்று மரையில் ஏறி இறங்கும் இரண்டு எஃகுத் துண்டுகள், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ. நீளும். என்னுடையது அலுமினிய பிளாக் கொண்ட, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 எஞ்சின், கம்பெனி புஷ்ராட் 188 மி.மீ. கேம்ஷாஃப்டை மாற்றினேன். புதியதில் அடிவட்டம் (கேமின் மேடில்லாத வட்டப் பகுதி) சிறியது என்பதால், கேமின் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளும் லிஃப்டர் கீழே இறங்கும், நீளமான ராட் வேண்டும். ஹெட்டை அரை மில்லிமீட்டர் சீவி, மெல்லிய கேஸ்கெட்டும் போட்டேன். ஹெட் கீழே இறங்குவதால் அதற்குக் குட்டையான ராட் வேண்டும். கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று பழைய ராடையே போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. நான் அளந்து போட்டேன். அளந்து போட்ட எனக்குத்தான் டேப்பட் சத்தம் வந்தது.

அதுவும் காலையில் வராது. ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பூனைபோல இருக்கும். இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் டிக் டிக் டிக். ஆயிலை இரண்டு முறை மாற்றினேன். லிஃப்டர் செய்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிளாக்கும் ஹெட்டும் வளர்கிற அளவுக்கு ராட் வளராது. அதனால் குளிர்ந்திருக்கும்போது வைத்த பிரீலோட் (லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சின்ன பிஸ்டனை ராட் முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு), சூட்டில் 0.15 மி.மீ. போலக் குறையும். சூடான பிறகு மட்டும் சத்தம் என்றால் பிரீலோட் போதவில்லை என்றே முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான் வைக்க நினைத்த பிரீலோட் 0.8 மி.மீ. பிரித்துப் பார்த்தபோது இருந்தது 0.1.

காணாமல் போன 0.7-இல் பாதிக்கு மேல் என் தவறு. அளவு ராடை வெர்னியரில் முனைக்கு முனை அளந்து, அந்த எண்ணையே சொல்லி ஆர்டர் செய்தேன். முனையில் இருப்பது குண்டு, அதில் ஆயில் துளை. துளை இருப்பதால் குண்டின் உச்சி சற்றே வெட்டுப்படுகிறது. இரண்டு முனைக்கும் சேர்த்து 0.4 மி.மீ. வெர்னியருக்குத் தெரியாது. ராட் விற்பவர் எண்ணுவதோ முழுக் குண்டு இருப்பதாக வைத்து. ஆர்டர் கொடுக்கும்போது எந்த முறையில் அளந்த நீளம் என்று கேட்டிருக்க வேண்டும்.

மீதி 0.3 இந்த அளவு ராட் சனியனின் வேலை. வைத்த நீளம் மாறாமல் பூட்டிவைக்கும் லாக் நட் இதில் கிடையாது. ராக்கருக்கு (புஷ்ராட் தள்ளும்போது வால்வை அழுத்தித் திறக்கும் கை) அடியிலிருந்து உருவும்போது விரல் பட்டு கால் சுற்று சுற்றிக்கொண்டுவிட்டது. கால் சுற்று என்றால் 0.32. இவ்வளவு நேர்த்தியாக மரை வெட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு நட் போடத் தெரியாதா? மூன்று வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது இரண்டு துண்டும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போட்டு, பேப்பர் டேப் சுற்றிய பிறகுதான் வெளியே எடுக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் மரை இன்றுவரை துளி ஆட்டம் இல்லாமல் இருக்கிறது. ராக்கர் போல்ட்டை முழு டார்க்கில், அதாவது 30 நியூட்டன் மீட்டரில் இறுக்கிவிட்டு, ராடைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால், மேலும் கீழும் ஆடும் ஆட்டம் நிற்கிற இடம் விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். (சுழற்றிப் பார்க்காதீர்கள். லிஃப்டர் பிளஞ்சர் அமுங்கி ஏமாற்றும்.) நாலு வால்விலாவது பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக் வால்வை அளக்க வேண்டும், இன்டேக் மூடி முடியும்போது எக்ஸாஸ்டை.

நண்பரோ இதெல்லாம் இல்லாமல் போல்ட் சுற்றை எண்ணியே போட்டிருக்கிறார். ஆட்டம் நின்றதிலிருந்து ஒன்றரைச் சுற்று. போல்ட் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கும் என்பதால் 1.9 மி.மீ. பிரீலோட் என்று கணக்கு. ராக்கர் ஒரு நெம்புகோல், ஐயா! வால்வு பக்கம் நகராது. போல்ட் இறங்குகிற தூரம் 1.7 விகித ராக்கரில் புஷ்ராட் பக்கம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். ஒரு சுற்றுக்கே 2 மி.மீ. அவருடையது 3. பிளஞ்சர் அடியில் போய் முட்டினால் வால்வு சரியாக உட்காராது, நாளடைவில் எரியும். இதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

0.64 மி.மீ. நீளமான அடுத்த சைஸ் ராட் போட்டதிலிருந்து என் எஞ்சினில் சூட்டிலும் சத்தம் இல்லை. அந்த இரண்டாவது அளவும் இதே குச்சியில் எடுத்ததுதான்.

நண்பரிடம், லாக் நட் இல்லாத இதை வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சரி, அப்போ உங்களுடையதைக் கொடுங்கள் என்றார். ராக்கர் கவரைக் கழற்றி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். கையில் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை.