வெப்பியும் கரைந்துபோகும் புள்ளியும்

நண்பர் ஒருவரின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அண்மையில் கேட்டார்: "அண்ணா, தளத்தில் இருக்கும் எல்லாப் படங்களையும் வெப்பியாக மாற்றிவிடட்டுமா? பக்கம் சீக்கிரம் திறக்கும் என்கிறார்கள்." ஆம் என்றோ வேண்டாம் என்றோ உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெப்பி (WebP) என்பது இணையத்துக்கான படங்களைச் சிறிய கோப்பாகச் சேமிக்கும் ஒரு வடிவம். பல ஆண்டுகளாக அதில்தான் வேலை செய்கிறேன். அது தரும் நன்மையும் தெரியும், அது செய்யும் அநியாயமும் தெரியும்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களில் வெப்பியைக் குறை சொல்ல முடியாது. பழைய பட வடிவமான ஜேபெக்கைவிட (JPEG) 25 முதல் 34 சதவீதம் சிறியதாக வரும் என்கிறது அதை 2010-இல் வெளியிட்ட கூகுளின் ஆவணம். தேர்த் திருவிழா, கடைவீதி, மேடை நிகழ்ச்சி என்று என் கைக்கு வரும் படங்களில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. பின்புலம் வெட்டியெடுத்த படங்களில் இன்னும் பெரிய லாபம். ஒரு குத்துவிளக்கை மட்டும் தனியாக வெட்டி, சுற்றிலும் ஒளிபுகும்படி வைக்க வேண்டுமென்றால் ஜேபெக்கால் ஆகாது, பி.என்.ஜி. (PNG) என்ற வடிவத்தில் வைத்தால் கோப்பு ஊதிப் பெருத்துவிடும். வெப்பி அதையே மிகச் சிறிய கோப்பாக, வெட்டிய விளிம்பு கெடாமல் தருகிறது. 2020-இல் ஆப்பிளின் உலாவியான சஃபாரி 14 வெளிவந்து ஐபோன்களும் வெப்பியைக் காட்டத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி வைத்துக் காப்பாற்றும் தொல்லையும் குறைந்தது.

இனி அநியாயத்துக்கு வருகிறேன். படத்தில் எழுத்து இருந்தால் வெப்பி அதைக் கெடுக்கிறது. எல்லா எழுத்தையும் அல்ல. குறிப்பாக வண்ணத்தின் மேல் வண்ணத்தில் எழுதிய எழுத்தை. அதிலும் தமிழ் எழுத்தை.

பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புத் தோகையின் அடர் பச்சையில் பின்புலம், அதன் மேல் சிவப்பில் 'பொங்கல்'. கைப்பேசித் திரைக்கு ஏற்ற அளவில் சேமிக்கும்போது ங் மீதும் ல் மீதும் இருக்கும் புள்ளி ஒவ்வொன்றும் அகலத்தில் இரண்டு அல்லது மூன்று பிக்சல்தான். சேமித்த கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் ங்-இன் புள்ளி ஓரளவு சிவப்பாக நிற்கிறது, ல்-இன் புள்ளி மட்டும் பழுப்பாகிப் பச்சையோடு கரைந்துவிடுகிறது. ஒரே சொல், ஒரே எழுத்துரு, ஒரே நிறம். சொல்லை ஒரு பிக்சல் வலப்பக்கம் நகர்த்திச் சேமித்தால் ல் பிழைத்துக்கொள்கிறது, ங் போய்விடுகிறது! புள்ளி போனால் 'பொங்கல்' என்பது 'பொங்கல' ஆகிவிடும். ஆங்கில எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கினால் வாசிப்பவர் கண்டுகொள்ள மாட்டார். நமக்கு மெய்யா உயிர்மெய்யா என்பதையே அந்த இரண்டு பிக்சல்தான் தீர்மானிக்கிறது.

காரணம் புதிரல்ல. வழக்கமாகச் சேமிப்பது இழப்புள்ள வெப்பி, அதாவது கோப்பைச் சிறிதாக்கப் படத்தின் சில விவரங்களை விட்டுவிடும் வகை. அது விபி8 (VP8) என்ற காணொளிச் சுருக்க முறையிலிருந்து வந்தது. அதில் வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகும். நிறமோ இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு முறைதான் பதிவாகும். இதைத்தான் 4:2:0 என்கிறார்கள். மனிதக் கண் நிறத்தைவிட வெளிச்சத்தைக் கூர்மையாகப் பார்க்கும் என்ற கணக்கு அது. புகைப்படத்துக்கு அந்தக் கணக்கு சரி. என் அட்டைக்குச் சரியில்லை. 0 முதல் 255 வரையான அளவில் 200 அளவுச் சிவப்பையும் 100 அளவுப் பச்சையையும் வெளிச்சமாக மாற்றிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய 60-க்கு அருகில் வந்து நிற்கும். கண்ணுக்கு எதிரும் புதிருமாகத் தெரியும் இரண்டு நிறங்களும் வெளிச்சத்தில் ஒன்றே. அப்படியானால் எழுத்தின் வடிவம் முழுவதும் நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறத்தைத்தான் வெப்பி நான்கில் ஒரு பங்காகக் குறைத்து வைக்கிறது. புள்ளி அந்த நான்கு பிக்சல் கட்டத்துக்குள் சரியாக விழுந்தால் தப்பிக்கும், எல்லையில் விழுந்தால் நான்கு கட்டங்களுக்கும் பிய்ந்து போகும்.

என்னால் பொறுக்க முடியாதது இதன் அடுத்த கட்டம். சேமிக்கும்போது கேட்கும் தர அளவை 80-இலிருந்து 90-க்கு ஏற்றுங்கள், 100-க்கே ஏற்றுங்கள், புள்ளி திரும்ப வராது. இழப்புள்ள வெப்பியில் நிறம் எப்போதும் 4:2:0தான், அதை மாற்ற வழியே கிடையாது. 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக்கிலேயே ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தைப் பதிவு செய்ய இடம் உண்டு. பின்னால் வந்த ஏவிஃப் (AVIF) என்ற பட வடிவத்திலும் உண்டு. இடையில் வந்த இதற்கு மட்டும் அந்த இடத்தை வைக்கவில்லை. நிறத்தைக் கூர்மையாகக் கணக்கிட்டுக் குறைக்கும் ஒரு தேர்வு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் வெப்பிக் கருவியில் இருக்கிறது, ஓரளவு உதவவும் செய்கிறது. ஆனால் படம் செய்பவர்கள் அன்றாடம் காணும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் அது கண்ணில் படுவதே இல்லை. 100 என்று எழுதியிருப்பதை நம்பி ஒருவர் சேமிக்கிறார், வாழ்த்து அட்டை எழுத்துப் பிழையோடு ஊருக்குப் போகிறது. அந்த எண்ணை அங்கே வைப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

இவ்வளவு கோபத்துக்கும் நடுவில் ஒன்றை மனமாரப் புகழ வேண்டியிருக்கிறது. அதே வெப்பிக்குள் இழப்பில்லாச் சுருக்கம் ஒன்றும் இருக்கிறது. அது விபி8 அல்ல, முற்றிலும் வேறு முறை. ஒரு பிக்சலையும் தொடாது, புள்ளி வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். படத்தில் நிறங்கள் குறைவாக இருந்தால் நிறப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதில் எத்தனையாவது நிறம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். தட்டையான நிறங்களும் எழுத்தும் கொண்ட என் அட்டைகளில் பி.என்.ஜி.யைவிடக் கோப்பு சிறியதாக வருகிறது. சில அட்டைகளில் அந்த இழப்புள்ள வெப்பியைவிடவும் சிறியது. புள்ளியைப் பலி கொடுத்து எதையும் மிச்சம் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கும். எழுத்துள்ள படங்களுக்கு இதைவிடத் திறமையான வடிவத்தை நான் அன்றாட வேலையில் பயன்படுத்தியதில்லை.

அப்படியிருந்தும் தம்பியிடம் நான் சொன்னது வேறு. எழுத்துள்ள படம் எல்லாம் பி.என்.ஜி.யில் இருக்கட்டும் என்றேன். இரண்டு வெப்பிகளுக்கும் பெயர் ஒன்று, பின்னொட்டு ஒன்று. கோப்பின் பெயரைப் பார்த்து எது எதுவென்று யாரும் சொல்ல முடியாது. நான் இழப்பில்லாமல் கொடுத்த படத்தை அடுத்தவர் திறந்து, அளவைக் கொஞ்சம் குறைத்து, வழக்கமான பொத்தானை அழுத்தி மறுபடி சேமிப்பார். வெப்பியாகப் போனது வெப்பியாகவே திரும்பி வரும், புள்ளி மட்டும் வராது. 1996-இல் தரமாக வந்த பி.என்.ஜி.க்கு அந்த இரட்டை வாழ்க்கை இல்லை. அதற்குத் தெரிந்தது இழப்பில்லாச் சுருக்கம் ஒன்றுதான். கொடுத்த பிக்சலை அப்படியே திருப்பித் தரும். நிறங்களை 64 அல்லது 32 ஆக நாமே குறைத்துக்கொண்டு நிறப் பட்டியலோடு சேமித்தால் எடையும் வெகுவாக இறங்கிவிடும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

புகைப்படங்களை வெப்பிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன், அதில் எனக்கு மறுப்பில்லை. கூடவே ஒரு வேலையும் கொடுத்திருக்கிறேன். ஏற்றும் படங்களை எல்லாம் தானாகவே வெப்பியாக்கும் வசதி அவர்கள் தளத்தின் மென்பொருளில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பி.என்.ஜி. கோப்புகளுக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டும்.